ஞாயிறு மசாலா

காலை நிகழ்ச்சியில் நேயர்களிடம் நான் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?" ஏழு மணிக்கு, பாதிப் பேர் எம்ஆர்டியிலும் மீதிப் பேர் காரிலும் இருக்கும் நேரத்தில், இதைவிட வேகமாகத் தொலைபேசியை ஒலிக்க வைக்கும் கேள்வி கிடையாது. புரோட்டா, மீ கோரெங், கோழிச் சோறு, பிள்ளை மிச்சம் வைத்த பாஸ்தா என்று பதில்கள் வந்து விழும். இதே கேள்வியைத் திங்கட்கிழமை காலையில் கேட்டால் கதை வேறு. சாம்பார், கத்தரிக்காய்ப் பிரட்டல், கீரை மசியல், அவியல் என்று நிலையமே மணக்கும்.

ஆக, நமக்குச் சமைக்கத் தெரியாமல் இல்லை. காய்கறி பிடிக்காமலும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை இருக்கும் ஏதோ ஒன்று புதன்கிழமை நம்மிடம் இருப்பதில்லை. அது என்னவென்று பார்க்க, ஒரு நாள் கைபேசியில் நேரம் குறித்துக்கொண்டே காலிஃபிளவர் மசாலா செய்தேன். பூவை உடைத்துக் கழுவ ஐந்து நிமிடம். வேக எட்டு நிமிடம். மற்ற ஐம்பது நிமிடமும் வெங்காயம் உரிப்பது, நறுக்குவது, வதக்குவது, இஞ்சி பூண்டு தட்டுவது, தக்காளி குழைவதற்காகக் காத்திருப்பது. காய்கறிக்கு ஆகும் நேரம் 13 நிமிடம்தான். நம்மை உணவு விநியோகச் செயலியைத் திறக்க வைப்பது காய்கறி அல்ல, வெங்காயம்.

எங்கள் வீட்டில் இது வெறும் ருசிப் பிரச்சினையாக இருக்கவில்லை. மாமா, அதாவது என் கணவரின் அப்பா, துறைமுகத்தில் முப்பது ஆண்டுகள் உழைத்தவர். தட்டு நிறையச் சோறு, மேலே மீன் குழம்பு, ஓரத்தில் ஒரு கரண்டி முட்டைக்கோஸ் என்பதுதான் அவருடைய சாப்பாடு. இரண்டாண்டுகளுக்கு முன் பலதுறை மருந்தகத்தில் ரத்தப் பரிசோதனை முடிவைச் சொன்ன தாதி, சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் அந்தத் தட்டுப் படத்தையும் அவர் கையில் கொடுத்தார். நீங்களும் பார்த்திருப்பீர்கள். தட்டில் பாதி காய்கறியும் பழமும், கால் பகுதி முழுதானியம், இன்னொரு கால் பகுதி மீன், கோழி, பருப்பு போன்றவை. மாமா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "பாதித் தட்டா? நான் என்ன ஆடா?" என்றார்.

என் கணவர் ஒரு வாரம் புரோக்கலி அவித்துக் கொடுத்தார். மாமா மரியாதைக்கு இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு, மீதியை என் மகள் தட்டுக்குத் தள்ளினார். ஐந்து வயது மகள் அதைத் திரும்பத் தாத்தா தட்டுக்கே தள்ளினாள். நாக்கு அறுபது வருடமாக மசாலாவில் பழகியிருக்கிறது. ஒரே வாரத்தில் அதை ஆவியில் வெந்த காய்க்கு மாற்ற முடியாது. ஆனால் மசாலாவிலேயே புரட்டினால், அரைக் கிலோ காலிஃபிளவரை இரண்டு பேர் காலி செய்துவிடுவார்கள். அப்படியென்றால் மசாலா தினமும் வேண்டும். தினமும் ஐம்பது நிமிடத்துக்கு எங்கே போவது? நான் விடிகாலை நான்கு மணிக்கு எழுகிறவள். கணவர் வீடு திரும்ப ஏழு மணியாகிவிடும்.

அப்போதுதான் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் ஒதுக்கி, ஒரு பெரிய சட்டியில் வாரத்துக்கான மசாலாவை வதக்கி உறையவைக்க ஆரம்பித்தேன். வீட்டில் அதற்குப் பெயர் ஞாயிறு மசாலா.

இதில் புதுமை எதுவும் இல்லை. பல உணவகங்கள் இப்படித்தான் இயங்குகின்றன. வட இந்திய உணவகச் சமையலறையில் வெங்காயம் தக்காளி மசாலா ஒரு அண்டா, முந்திரி அரைத்த வெள்ளைக் கிரேவி ஒரு அண்டா என்று காலையிலேயே தயாராக இருக்கும். பிரிட்டனில் உள்ள கறி உணவகங்களில் ஒரே வெங்காயக் குழம்பிலிருந்துதான் பெரும்பாலான கறிகள் பிறக்கின்றன என்ற ரகசியத்தை, கிரிஸ் தில்லன் 1989ல் 'தி கறி சீக்ரெட்' என்ற புத்தகத்தில் வீட்டுச் சமையல்காரர்களுக்குப் போட்டு உடைத்தார். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். தேக்கா ஈரச்சந்தையில் அரைத்த மசாலா விற்பவர்களைப் பாருங்கள். மிளகாய், மல்லி, மஞ்சள், இஞ்சி, பூண்டு எல்லாம் தனித்தனி விழுதாக இருக்கும். மீனா கோழியா, எத்தனை பேருக்கு என்று சொன்னால், கரண்டியால் அள்ளிக் கலந்து பையில் கட்டித் தருவார்கள். அம்மியில் அரைக்கும் நேரத்தை நம் முந்தைய தலைமுறை அங்கே காசு கொடுத்து வாங்கியது.

ஆனாலும் அத்தைக்கு இது பிடிக்கவில்லை. "ஃப்ரீசர்ல வச்ச மசாலாவுல கறி வச்சா, எல்லாக் கறியும் ஒரே ருசிதாம்மா வரும்" என்றார். "அப்புறம் கத்தரிக்காய்க்கும் காலிஃபிளவருக்கும் என்ன வித்தியாசம்?"

அவர் சொன்னது முழுக்க உண்மை. பிரிட்டன் கறி உணவகங்களின் மீது சொல்லப்படும் குறையும் இதுதான். அதனால் இந்த மசாலாவைப் பற்றி நான் சொல்ல வரும் ஒரே முக்கியமான விஷயம் இது: அதை முடிக்கக் கூடாது. பாதியில் நிறுத்த வேண்டும். கரம் மசாலா, சோம்பு, சீரகம், கறிவேப்பிலை, கொத்தமல்லித் தழை, புளி, தேங்காய், கசூரி மேத்தி எதுவும் அதில் சேரக் கூடாது. இவை ஒவ்வொன்றும் கறிக்கு ஊரும் பெயரும் கொடுப்பவை. ஞாயிற்றுக்கிழமையே பெயர் வைத்துவிட்டால் வாரம் முழுக்க அந்தப் பெயரையேதான் சாப்பிட வேண்டும்.

சட்டியில் என்ன நடக்கிறது

நான்கு பேர் குடும்பத்துக்குச் சுமார் 12 வேளைக்கான அளவு இது. பெரிய வெங்காயம் 1 கிலோ, தக்காளி 750 கிராம், பூண்டு 100 கிராம், இஞ்சி 75 கிராம், பச்சை மிளகாய் நான்கு, எண்ணெய் 150 மில்லிலிட்டர். தூள்களில் மஞ்சள் இரண்டு தேக்கரண்டி, மிளகாய்த் தூள் இரண்டு மேசைக்கரண்டி, மல்லித் தூள் நான்கு மேசைக்கரண்டி. உப்பு இரண்டு தேக்கரண்டி போதும். மீதி உப்பு காயைப் பார்த்து அன்றன்றைக்கு.

எண்ணெய் அதிகம் என்று பதற வேண்டாம். 150 மில்லிலிட்டரைப் பன்னிரண்டு வேளைக்கும், வேளைக்கு நான்கு பேருக்கும் பிரித்தால் ஆளுக்கு மூன்று மில்லிலிட்டர், அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. மஞ்சளில் உள்ள குர்குமின், மசாலாக்களின் மணம், கேரட்டிலும் கீரையிலும் உள்ள கரோட்டின் எல்லாம் எண்ணெயில் கரைகிறவை. கொஞ்சம் எண்ணெய் இருந்தால்தான் அவை நாக்குக்கும் உடம்புக்கும் போய்ச் சேரும்.

வெங்காயத்தில் கிட்டத்தட்ட 90 விழுக்காடு நீர். ஒரு கிலோ வெங்காயத்தைச் சட்டியில் போட்டால் ஏறக்குறைய 900 கிராம் தண்ணீரைப் போட்டிருக்கிறோம் என்று அர்த்தம். அந்தத் தண்ணீர் இருக்கும்வரை சட்டிக்குள் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. வெங்காயம் வேகும், சிவக்காது. நிறமும் அந்த இனிப்பு கலந்த மணமும் வர 140 டிகிரிக்குப் பக்கத்தில் போக வேண்டும், அதற்குத் தண்ணீர் பெரும்பகுதி வெளியேற வேண்டும். புதன்கிழமை மாலை நாம் செய்யும் அவசரக் குழம்பில் வெங்காயம் வதங்காமல் நறநறவென்று நிற்பதற்குக் காரணம் இதுதான். பத்து நிமிடத்தில் அந்தத் தண்ணீர் போகாது. தீயைக் கூட்டினால் வெளியே கருகும், உள்ளே பச்சையாக இருக்கும்.

எனவே அகலமான, அடி கனமான சட்டி. ஆவி போக வழி வேண்டும் என்பதால் குழிவான பாத்திரம் உதவாது. எண்ணெய் காய்ந்ததும் மெல்லிசாக நறுக்கிய வெங்காயம், கூடவே உப்பு. உப்பு நீரை இழுத்து வெளியே கொண்டுவரும். முதல் பத்து நிமிடம் நடுத்தரத்துக்கு மேலான தீ. வெங்காயம் கண்ணாடி போல் ஆனதும் தீயைக் குறைத்துவிட்டு, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை கிளறினால் போதும். பக்கத்திலேயே நின்று பூண்டு உரிக்கலாம், பாட்டுக் கேட்கலாம். (வானொலிக்காரி வேறு என்ன சொல்வேன்?) அரை மணி நேரத்துக்குப் பிறகு கவனம் தேவை. அடியில் பிடிக்க ஆரம்பித்தால் ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்துச் சுரண்டிவிடுங்கள். அந்தப் பழுப்புப் பிடிப்பில்தான் ருசி இருக்கிறது.

எந்த நிறத்தில் நிறுத்துவது? தே தாரிக் நிறம். அதைத் தாண்டி கோப்பி நிறத்துக்குப் போனால் ஆட்டிறைச்சிக்கு நன்றாக இருக்கும், பூசணிக்கும் பீன்ஸுக்கும் அது பெரிய சுமை. தே தாரிக் நிறத்துக்கு என் அடுப்பில் 40 நிமிடம் பிடிக்கிறது.

வெங்காயத்தைப் பச்சையாக அரைத்துப் போட்டால் நறுக்கும் வேலை மிச்சமாகும் என்று சிலர் சொல்வார்கள். அரைத்த வெங்காயம் முகத்தில் தெறிக்கும், பச்சை வாடை போக அதிக நேரம் எடுக்கும். சமையல் சோடா ஒரு சிட்டிகை போட்டால் பாதி நேரத்தில் சிவக்கும் என்பதும் உண்மைதான். ஆனால் வெங்காயம் கூழாகிவிடும். எனக்கு இரண்டிலும் விருப்பம் இல்லை.

நிறம் வந்ததும் தட்டிய இஞ்சி, பூண்டு, கீறிய பச்சை மிளகாய். மூன்று நான்கு நிமிடத்தில் பச்சை வாசம் போய்விடும். தீயை நன்றாகக் குறைத்துவிட்டுத் தூள்கள். மிளகாய்த் தூள் கருக அரை நிமிடம் போதும், அதனால் தூளைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்துக்கொண்டு ஊற்றுவது நல்லது. ஒரு நிமிடம் கிளறி, தக்காளி.

தக்காளி விஷயத்தில் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு குறிப்பு. நமக்கு அதிகம் கிடைக்கும் கேமரன் மலைத் தக்காளி கெட்டியாக, அழகாக இருக்கும், ஆனால் புளிப்பு குறைவு. கடையில் நன்றாகப் பழுத்து, தோல் தளர்ந்து, விலை குறைத்துத் தனியே போட்டு வைத்திருப்பார்களே, அதை எடுங்கள். அது கிடைக்காவிட்டால் ஒரு மேசைக்கரண்டி டின் தக்காளி விழுது சேர்த்துக்கொள்ளலாம். இஞ்சியும் அப்படித்தான். பளபளப்பான பருத்த சீன இஞ்சியைவிட, பகாங்கிலிருந்து வரும் பெந்தோங் இஞ்சிக்குக் காரம் அதிகம். விலையும் அதிகம், ஆனால் பாதி அளவு போட்டால் போதும். வெங்காயத்தைப் பொறுத்தவரை நான் பிடிவாதம் பிடிப்பதில்லை. 2023 டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதிக்குத் தடை விதித்து, 2024 மே மாதம்வரை அது நீடித்தபோது ஹாலந்து வெங்காயத்துக்கு மாறினேன். நீர் சற்றுக் கூடுதல், இனிப்பும் கூடுதல், வதக்க இன்னொரு ஐந்து பத்து நிமிடம். அவ்வளவுதான் வித்தியாசம்.

தக்காளி போட்டு 20 நிமிடம். "எண்ணெய் பிரியும்வரை" என்று எல்லாச் சமையல் குறிப்பிலும் எழுதியிருக்குமே, அந்தக் கட்டம் இதுதான். மலாய்க்காரர்கள் சம்பலையும் ரெம்பாவையும் வதக்கும்போது சொல்லும் "பெச்சா மிஞாக்" என்பதும் இதே அடையாளம்தான். எண்ணெய் உடைகிறது என்று பொருள். நீர் இருக்கும்வரை எண்ணெய் அதோடு கலந்து விழுதுக்குள் ஒளிந்திருக்கும். நீர் போனதும் ஒளிய இடமில்லாமல் ஓரங்களில் பளபளவென்று வெளியே வரும். சத்தமும் மாறும். ஈரமான கொதிப்புச் சத்தம் போய், பொரியும் சத்தம் கேட்கும். காதால் பிழைப்பு நடத்துகிறவள் என்பதாலோ என்னவோ, நான் கண்ணைவிடச் சத்தத்தைத்தான் நம்புகிறேன்.

ஆறியதும் பாதியை மிக்சியில் அரைத்து மீதியோடு கலப்பேன். முழுக்க அரைத்தால் உணவகக் கிரேவிபோல் வழவழப்பாக இருக்கும். வெங்காயத் துண்டைக் கண்டால் முகம் சுளிக்கும் பிள்ளைகள் இருந்தால் அப்படியே செய்யுங்கள்.

உறைய வைக்கும் முன்

இரண்டு கிலோவுக்குச் சற்று அதிகமாகச் சட்டியில் போட்டது, முடிவில் ஒரு கிலோ அளவுக்குச் சுண்டியிருக்கும். இதைப் பெரிய பனிக்கட்டித் தட்டுகளில் ஊற்றி உறையவைத்து, பிறகு பையில் மாற்றிவைப்பது வசதி. ஒரு கட்டி ஏறக்குறைய ஒரு மேசைக்கரண்டிக்குச் சற்று மேல் என்றால், 400 கிராம் காய்க்கு நான்கைந்து கட்டி, அதாவது சுமார் 80 கிராம்.

பூண்டும் எண்ணெயும் சேர்ந்த விழுதை அடுப்பு மேடையில் "சாயங்காலம் எடுத்து வச்சிக்கலாம்" என்று விட்டுவிடாதீர்கள். நம் ஊர் வெக்கையில் கிருமி பெருக அது போதும். அதிலும் காற்றுப் புகாத எண்ணெய்க்குள் மூழ்கிய பூண்டில் போட்டுலிசம் என்ற நோயை உண்டாக்கும் ஆபத்தான நச்சு உருவாக வாய்ப்பு உண்டு, அதற்கு வாடையோ நிறமாற்றமோ இருக்காது. அகலத் தட்டில் பரப்பினால் வேகமாக ஆறும். இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டிக்குப் போய்விட வேண்டும். கீழ்த் தட்டில் மூன்று நாள், ஃப்ரீசரில் இரண்டு மூன்று மாதம். ஒருமுறை உருகியதை மறுபடி உறையவைக்கக் கூடாது. பையில் தேதி எழுதுங்கள். ஃப்ரீசருக்குள் போன பிறகு ஞாயிறு மசாலாவும் சம்பலும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும்.

புதன்கிழமை மாலை

இப்போதுதான் அத்தையின் கேள்விக்குப் பதில். கத்தரிக்காய்க்கும் காலிஃபிளவருக்கும் என்ன வித்தியாசம்? தாளிப்பு.

காலிஃபிளவர் என்றால் சீரகம் தாளித்து, மசாலாக் கட்டிகளைப் போட்டு, பூவைப் புரட்டி மூடிவிடுவேன். தண்ணீர் வேண்டாம், அதன் ஈரமே போதும். எட்டு நிமிடம். இறக்கும்போது கசூரி மேத்தியைக் கையில் கசக்கித் தூவினால் பஞ்சாபி வீட்டுக்குப் போய்விடும். பட்டாணி உருளைக்கும் இதே வழி.

கத்தரிக்காய்க்குத் திசையைத் திருப்ப வேண்டும். நல்லெண்ணெயில் கடுகு, வெந்தயம், கறிவேப்பிலை. நீளமான ஊதாக் கத்தரிக்காயை விரல் நீளத்துக்கு வெட்டி, தோல் சுருங்கும்வரை வதக்கி, மசாலா, நெல்லிக்காய் அளவு புளியின் கரைசல், சின்னத் துண்டு வெல்லம். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் எண்ணெய் மிதக்கும் புளிக் குழம்பு தயார். அன்றைக்குப் பருப்பு மட்டும் இருந்தால் போதும், வேறு எதுவும் வேண்டாம். மாமா கேட்டு வாங்கிச் சாப்பிடும் காய் இதுதான்.

வெண்டைக்காயில் மட்டும் வரிசையை மாற்றக் கூடாது. முதலில் வெண்டைக்காய் தனியாக, மூடாமல், கொழகொழப்பு போகும்வரை எட்டுப் பத்து நிமிடம். கடைசியில்தான் மசாலா. மசாலாவில் இருக்கும் தக்காளிப் புளிப்பு மிச்சம் இருக்கும் கொழகொழப்பையும் அடக்கிவிடும்.

பூசணிக்கும் பயற்றங்காய்க்கும் சோம்பு, ஒரு துண்டு பட்டை, ரம்பை இலை, கடைசியில் கால் கப் தேங்காய்ப் பால். சாவி, கைலான் போன்ற கீரைகளுக்குக் காய்ந்த மிளகாயும் இரண்டு கட்டி மசாலாவும் போதும், பெரிய தீயில் இரண்டு நிமிடம். கங்கோங்குக்குக் கொஞ்சம் பெலாச்சான் சேர்ப்பேன். அது இந்தியச் சமையலா என்று கேட்டால், சிங்கப்பூர்த் தமிழ் வீட்டுச் சமையல்.

உறைந்த கட்டியைச் சூடான எண்ணெயில் நேராகப் போட்டால் பட்டாசுபோல் வெடிக்கும். காலையில் கிளம்பும் முன் வேண்டியதை எடுத்துக் கீழ்த் தட்டில் வைத்துவிட்டால் மாலையில் இளகியிருக்கும். மறந்துவிட்டால் தீயைக் குறைத்து, காயைப் போட்டபின் கட்டியைப் போடுங்கள்.

எதற்கு இது கூடாது என்பதும் தெரிய வேண்டும். அவியல், கூட்டு, தேங்காய்ப்பூ பொரியல், மோர்க் குழம்பு இவற்றின் பக்கமே இந்த மசாலா போகக் கூடாது. அவற்றின் அழகே காயின் சொந்த ருசிதான். வாரத்தில் மூன்று நாள் மசாலா, மற்ற நாட்களில் பொரியலும் கூட்டும் என்று வைத்துக்கொண்டால் நாக்கும் சலிக்காது, அத்தையும் குறை சொல்ல மாட்டார்.

அத்தையோடு இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த ஒரு மாலையில்தான் வடகம் நினைவுக்கு வந்தது. சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் இடித்து, உளுந்து, கடுகு, வெந்தயம், சீரகம், மஞ்சள் சேர்த்து, உருண்டை பிடித்து வெயிலில் நாள் கணக்கில் காயவைத்து, டப்பாவில் போட்டு வருடம் முழுக்கக் குழம்புக்கும் கீரைக்கும் தாளித்துக்கொள்வார்களே, அந்தத் தாளிப்பு வடகம். "அத்தை, அதுவும் முன்கூட்டியே செஞ்சு வைக்கிற மசாலாதானே? உங்க அம்மாவுக்கு வெயில், எனக்கு ஃப்ரீசர்" என்றேன். "அது வேற, இது வேற" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "வடகம் வெயில்ல கிடந்து வாசம் ஏறும். உன் மசாலா பெட்டிக்குள்ள தூங்குது" என்றார்.

அதிலும் நியாயம் இருக்கிறது. வெயிலில் மெல்லக் காய்ந்து புளித்து வரும் அந்த வாசம் ஃப்ரீசரில் வராது. எனவே இப்போது இரண்டையும் சேர்க்கிறோம். ஞாயிறு மசாலாவில் கீரைத் தண்டுக் குழம்பு வைத்து, முடிவில் தேக்காவில் வாங்கிய வடகத்தைப் பொரித்துக் கொட்டுவது அத்தையின் கண்டுபிடிப்பு. அடுத்த மாதமே, சின்ன வெங்காயத்தில் நல்லெண்ணெய் விட்டு அவர் தனியாக ஒரு சட்டி வதக்கி, "இது என் ஃப்ரீசருக்கு" என்று எடுத்துப் போனார். ஒரு கிலோ சின்ன வெங்காயம் உரிக்கும் பொறுமை எனக்கு இல்லை. ருசி என்னுடையதைவிட நன்றாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மாமாவின் சர்க்கரை அளவு இப்போது முன்பைவிடக் கட்டுக்குள் இருக்கிறது. அதற்கு மாத்திரையும், தினமும் காலையில் பூங்கா இணைப்புப் பாதையில் அவர் நடக்கும் நடையும், குறைந்த சோறும்தான் காரணம் என்று மருத்துவர் சொல்கிறார். மசாலாவுக்கு நான் பெருமை தேடவில்லை. சோறு குறைந்த இடத்தில் எதையாவது நிரப்ப வேண்டுமே, அந்த இடத்தில் கத்தரிக்காய் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். பாதித் தட்டு இன்னும் வரவில்லை. மூன்றில் ஒரு பங்கு வந்திருக்கிறது.

இன்னொரு சௌகரியமும் உண்டு. வீவக வீட்டில் வெங்காயம் வதக்கும் மணம் சமையலறையோடு நிற்காது. 2011ல் கறி வாசனையால் அண்டை வீட்டாரிடையே எழுந்த பிணக்கு பற்றிச் செய்தி வந்து, அந்த ஆகஸ்ட் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூர் முழுக்கப் பல இனத்தவரும் கறி சமைத்துத் தங்கள் ஆதரவைக் காட்டினார்களே, நினைவிருக்கிறதா? நான் வதக்குவது ஞாயிறு காலை பத்து மணிக்கு, எதிர்வீட்டுச் சீனப் பாட்டி துணி காயப்போட்டு எடுத்த பிறகு. அவருக்கு ஒரு டப்பா போகிறது. அவர் அதில் தவ்ஃபுவும் நீளக் கத்தரிக்காயும் போட்டு, மேலே வெங்காயத் தாள் தூவுகிறாராம்.

தொடங்க நினைப்பவர்கள் முதல் முறை பாதி அளவில் செய்து பாருங்கள், வதக்கும் நேரம் உங்கள் அடுப்புக்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும். கூடவே மசாலாவுக்கென்று தனியாக ஒரு பனிக்கட்டித் தட்டு வாங்கிக்கொள்ளுங்கள், இரண்டு மூன்று வெள்ளிக்குக் கிடைக்கும். ஒருமுறை ஊற்றினாலே அது மஞ்சளாகிவிடும், பூண்டு வாடையும் போகாது. அந்தத் தட்டுப் பனிக்கட்டி விழுந்த எலுமிச்சைச் சாறு எங்கள் வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை.